கூடை இல்லாமல் மலைக்கு: ஊவாவில் நடக்க, குளிக்க, இளைப்பாற எங்கள் ஆட்கள் சொல்லும் இடங்கள்

தோட்டத்தில் ஒருவர் "மலைக்குப் போறேன்" என்று சொன்னால் வேலைக்குப் போகிறார் என்று பொருள். கொழுந்து மலை, கவ்வாத்து மலை, நாலாம் நம்பர் மலை என்று எங்களைச் சுற்றியுள்ள மலைகளெல்லாம் வேலைத்தலங்கள்தான். அதனால் வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் உறவினர்கள் தொலைபேசியில், "பதுளைக்கு வந்தால் எங்கே போய்ப் பார்க்கலாம்?" என்று கேட்கும்போது எனக்கு உடனே பதில் வருவதில்லை. எல்ல பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இந்த முறை கேள்வியை எங்கள் ஆட்களிடமே கொண்டுபோனேன். ஹாலி-எல, தெமோதரை, பசறை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை பக்கத்துத் தோட்டங்களில், வேலை இல்லாத நாளில் நீங்கள் எங்கே போவீர்கள் என்று விசாரித்தேன். முப்பது வருடம் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா, கூடை இல்லாமல் மலைக்குப் போனதே இல்லை என்று சிரித்தார். பிறகு யோசித்து ஓர் இடம் சொன்னார். மற்றவர்களும் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அவற்றைத் தொகுத்து, போகும் வழி, காலம், ஆபத்து ஆகியவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

ஏன் உங்களுக்கு இதை எழுதுகிறேன்

1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களை விட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வன்னிக்குப் போயின. என் சித்தப்பா குடும்பமும் அப்படித்தான் போனது. அங்கே காடு வெட்டிக் குடியேறி, பிறகு போரில் இடம்பெயர்ந்து, 2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்தார்கள். முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு சித்தப்பாவின் மகன் முதன்முறையாக பதுளைக்கு வந்தான். பசறைப் பக்கம் ஒரு மலைக்குக் கூட்டிப்போனேன். ஒற்றையடிப் பாதையில் நான் வைத்த அடியிலேயே அடி வைத்து வந்தான். தண்ணீர் குடிக்க ஓடைப் பக்கம் இறங்கச் சொன்னபோது நின்றுவிட்டான். "அண்ணா, பாதையை விட்டு இறங்கலாமா?" என்று கேட்டான்.

இந்த மலைகளில் கண்ணிவெடி புதைக்கப்படவில்லை. பாதையை விட்டு இறங்கலாம். இதைச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் இங்குள்ள மண்ணுக்கும் தனி ஆபத்துகள் உண்டு. அவற்றைச் சொல்லக்கூடியவர்களும் இங்கே வாழ்கிறவர்கள்தான். ஆகவே இடங்களைப் போலவே எச்சரிக்கைகளையும் கவனமாக வாசியுங்கள்.

துன்ஹிந்த: நகரத்துக்குப் பக்கத்து அருவி

பதுளை நகரிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தூரம். பதுளு ஓயா 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. விழும் இடத்தில் எழும் நீர்ப்புகையால்தான் அதற்கு அந்தப் பெயர். சிங்களத்தில் 'துன்' என்றால் புகை. வீதியிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் காட்டோரப் பாதையில் நடக்க வேண்டும். வயதானவர்களும் நின்று நின்று நடந்துவிடலாம். குரங்குகள் கையில் இருக்கும் உணவைப் பறிக்கும்.

ஓய்வுபெற்ற அக்கா சொன்ன இடம் இதுதான். சின்ன வயதில் தீபாவளிக்கு மறுநாள் தோட்டமே லொறியில் ஏறி வந்ததாம். வந்து பார்ப்பதோடு சரி, அருவிக்குக் கீழே குளிக்கப் பெரியவர்கள் விடமாட்டார்களாம். அந்தக் கட்டுப்பாடு இன்றைக்கும் சரியானது. கீழேயுள்ள தடாகம் ஆழமானது, சுழல் உள்ளது.

இந்தத் தண்ணீர் இங்கேயே நின்றுவிடுவதில்லை. பதுளு ஓயா மகாவலியில் கலக்கிறது. மகாவலி மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. சம்பூரிலிருந்தும் வெருகலிலிருந்தும் வருகிறவர்கள் துன்ஹிந்தவில் பார்ப்பது தங்கள் ஊருக்கு வரும் தண்ணீரின் ஒரு பங்கைத்தான்.

தெமோதரையும் ஒன்பது வளைவுப் பாலமும்: கோச்சியில் போய்ப் பாருங்கள்

ரயிலை எங்கள் ஆட்கள் கோச்சி என்பார்கள். கொழும்பிலிருந்து வரும் மலையகப் பாதை 1924இல் பதுளையை எட்டியது. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன், 1921இல், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்டதுதான் ஒன்பது வளைவுப் பாலம். தெமோதரை நிலையத்தில் ரயில் மலையைச் சுற்றி இறங்கி, அந்த நிலையத்துக்கு அடியிலேயே ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. சிறுவர்களுக்கு இதைவிட வேடிக்கை ஊவாவில் இல்லை.

தெமோதரையில் பேசிய இளைஞர்கள் ஒரே ஆலோசனையைத் தந்தார்கள். பதுளையிலிருந்து எல்லவுக்கு மூன்றாம் வகுப்பில் போங்கள், பாலத்தைப் பார்க்கத் தனியாக ஒரு பயணம் வேண்டாம், சன்னலோரம் இருந்தால் போதும். நடந்து பார்க்க விரும்பினால் பாலத்துக்கு மேலேயுள்ள தேயிலைச் சரிவில் நின்று பாருங்கள். தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கப் போய் உயிர் விட்டவர்கள் உண்டு. வளைவுக்கு அப்பால் வரும் ரயிலின் சத்தம் மலையில் மோதி, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் போய்விடும்.

இந்தப் பாதைக்கு வேறு ஒரு நினைவும் உண்டு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்டதும் மலையகத்து நிலையங்களிலிருந்துதான். பதுளை நிலையத்துக்குப் போனால் இன்றும் அதைச் சொல்லும் முதியவர்கள் இருக்கிறார்கள்.

சின்ன சிவனொளிபாதம், எல்ல பாறை

எல்ல நகரிலிருந்து பசறை வீதியில் சிறிது தூரம் போய், தேயிலைத் தோட்டத்துக்கூடாக ஏறினால் 1,141 மீற்றர் உயரமுள்ள சின்ன சிவனொளிபாத மலை. ஏற்றம் கடினமில்லை, கடைசியில் படிகள் உண்டு. முழங்கால் வலி இல்லாத எவரும் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறிவிடலாம். அதிகாலையில் போனால் கொழுந்துக்குப் போகிற பெண்களோடு அதே பாதையில் நடப்பீர்கள். கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள். நாளொன்றுக்கு எத்தனையோ பேர் படம் எடுத்துவிட்டுப் போவது அவர்களுக்கு அலுத்துப்போன விடயம்.

எல்ல பாறை அதைவிட நீண்ட நடை. வழி பிரியும் இடங்கள் பல. மேலே விளிம்பில் தடுப்பு இல்லை. மூடுபனி இறங்கினால் இருந்த இடத்திலேயே காத்திருக்க வேண்டும். சிறுவர்களுடன் போகிறவர்களுக்கு முதலாவது மலையே போதும்.

எல்ல–வெல்லவாய வீதியில் கிரிந்தி ஓயாவின் இராவணா எல்ல அருவி வீதியோரத்திலேயே விழுகிறது. கீழேயுள்ள பாறைகளில் உட்காரலாம். பாசி பிடித்த பாறையில் ஏறக்கூடாது என்று கடைக்காரர்கள் தொண்டை வற்றக் கத்துகிறார்கள், காது கொடுங்கள்.

நமுனுகலை: மாணிக்க கங்கை பிறக்கும் மலை

பசறைக்கும் எல்லவுக்கும் இடையில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் 2,036 மீற்றர் மலை. சிங்களத்தில் ஒன்பது சிகரம் என்று பொருள். அடிவாரம் முழுதும் தோட்டம், அதற்கு மேல் காடு. நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கு ஏறி இறங்க ஒரு பகல் வேண்டும். தோட்டத்து இளைஞர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது கட்டாயம். காட்டுக்குள் பாதை ஒரு மழையில் மறைந்துவிடும்.

செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர்கள் இதை வாசிப்பவர்களில் இருப்பீர்கள். கடைசியில் நீங்கள் இறங்கிக் குளிக்கும் மாணிக்க கங்கை இந்த மலைத்தொடரில்தான் ஊறுகிறது. கதிர்காமம் ஊவா மாகாணத்தின் மொணராகலை மாவட்டத்தில் உள்ளது. அந்த ஆற்றின் முடிவை மட்டும் கண்டவர்கள் ஒரு முறை அதன் தொடக்கத்தையும் காணலாம். பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் அது கால் நனையும் சிற்றோடை.

என் தம்பி பாதையை விட்டு இறங்கத் தயங்கியதும் இந்தப் பக்கத்தில்தான். அன்று மாலை திரும்பும்போது அவன் எனக்கு முன்னே நடந்தான்.

மடுல்சீமை: உலக முடிவின் தம்பி

பதுளையிலிருந்து பசறை வழியாகப் போக வேண்டும். மடுல்சீமைத் தோட்டங்களைத் தாண்டி, பிட்டமாறுவைப் பக்கத்தில் மலை திடீரென்று அறுந்து கிழக்குச் சமவெளி கீழே விரிகிறது. ஹோர்ட்டன் சமவெளியிலுள்ள உலக முடிவை நினைத்து இதைச் சின்ன உலக முடிவு என்கிறார்கள். தெளிந்த காலையில் கீழே காடும் குளங்களும் தெரியும். அம்பாறைப் பக்கத்து வயல்களுக்குப் பாயும் கல்லோயாவும் பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில்தான் பிறக்கிறது.

விளிம்பில் பலத்த காற்று அடிக்கும். கூடாரம் அடித்துத் தங்குகிறவர்கள் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளித் தங்க வேண்டும். இரவில் தனியாக எழுந்து நடக்கக்கூடாது.

தம்பேத்தன்னை: லிப்டன் இருந்த இடம்

ஹப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைக்கு பஸ் உண்டு. தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்றும் இருக்கிறது. அங்கிருந்து தோட்டப் பாதையில் ஏறத்தாழ 7 கிலோமீற்றர் ஏறினால் 1,970 மீற்றர் உயரத்தில் லிப்டன் சீற். முச்சக்கரவண்டியிலும் போகலாம். ஆனால் ஹப்புத்தளையில் கேட்டவர்கள் எல்லோரும், ஏறும்போது வண்டியில் போய் இறங்கும்போது நடந்து வரும்படி சொன்னார்கள். காலை ஒன்பது மணிக்கு முன் மேலே இருக்க வேண்டும். பிறகு மேகம் மூடிவிடும்.

வழியில் லயங்கள், கோயில், பாடசாலை எல்லாம் வரும். உச்சியில் லிப்டனுக்குச் சிலை இருக்கிறது. கருங்கல் அடுக்கி அந்தப் பாதையைக் கட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. பாதையோரத்தில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாயமும் விற்கும் வீடுகளில் நின்று சாப்பிடுங்கள். உங்கள் பணம் தோட்டத்து வீட்டுக்கு நேராகப் போய்ச்சேர இதைவிட எளிய வழி இல்லை.

தியலும, கொஸ்லந்தை, மீரியபெத்தை

கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையில் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது தியலும. இலங்கையின் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி. முதலாவதான 263 மீற்றர் பம்பரகந்தையும் இதே பதுளை மாவட்டத்தில், ஹல்துமுல்லைப் பக்கம் களுபஹனவில் இருக்கிறது. தியலுமவின் உச்சியில் பாறைக் குழிகளில் தண்ணீர் தங்கி இயற்கையான தடாகங்களாகியிருக்கின்றன. பூணாகலை வீதியிலிருந்து மானாப்புல்லுக்கூடாக நடந்து போகலாம். குளிப்பதற்கு ஊவாவில் முதலிடம் என்று இளைஞர்கள் சொன்னது இதைத்தான். மேலேயுள்ள, அருவி விளிம்பிலிருந்து தள்ளியிருக்கும் தடாகங்களில் மட்டும் குளியுங்கள். மலைமேல் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும். நிறம் கலங்கினால், அல்லது இலை சருகு மிதந்து வந்தால் அந்த நொடியே கரையேறிவிட வேண்டும்.

தியலுமவுக்கு வருகிறவர்கள் கொஸ்லந்தையைத் தாண்டித்தான் வருகிறார்கள். அங்கே மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தீபாவளி முடிந்து ஒரு வாரம். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. அந்த நிலம் குடியிருக்கத் தகாதது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் லயத்தில் இருப்பவருக்கு நிலம் சொந்தமில்லை. போ என்று சொன்னால் எங்கே போவது என்ற கேள்விக்கு யாரும் பதில் வைத்திருக்கவில்லை.

கொஸ்லந்தைப் பக்கத்தில் முச்சக்கரவண்டி ஓட்டும் ஒரு தம்பி, தியலுமவுக்கு வரும் வடக்குப் பயணிகள் மீரியபெத்தையைப் பற்றி விசாரித்தால் வண்டியை ஒரு நிமிடம் நிறுத்திக் காட்டுவதாகச் சொன்னார். மற்றவர்கள் அதைக் கேட்பது குறைவாம். காணாமல் போனவருக்காகக் காத்திருப்பது என்னவென்று தெரிந்தவர்கள் என்பதால் இவர்கள் கேட்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம். அங்கே போனால் கைத்தொலைபேசியை வைத்துவிட்டுச் சற்று நில்லுங்கள்.

குளம் தேடுகிறவர்களுக்கு

வன்னிக் குளக்கரையில் வளர்ந்தவர்களுக்கு மலையில் ஒரு குறை தெரியும். பரந்த நீர் இல்லை. அதற்கு மஹியங்கனைக்கு இறங்க வேண்டும். அதுவும் பதுளை மாவட்டம்தான். அங்குள்ள சொரபொர வாவி பழங்காலக் குளம். இயற்கைப் பாறையைக் குடைந்து அதன் மதகை அமைத்திருக்கிறார்கள். மாலையில் கட்டின் மேல் நடந்தால் ஊர் நினைவு வரும்.

வெலிமடை–பண்டாரவளைப் பக்கத்தில் உமா ஓயாத் திட்டத்தின் புதிய நீர்த்தேக்கங்களையும் பார்க்கலாம். 2024 ஏப்ரல் 24 அன்று திறந்துவைக்கப்பட்ட திட்டம் இது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றியதையும் சுவர்கள் வெடித்ததையும் அங்குள்ளவர்கள் மறக்கவில்லை. தேக்கங்களுக்குள் இறங்கிக் குளிக்க வேண்டாம்.

பண்டாரவளை வழியில் ஓர் இடம்

ஊவாவுக்கு வர வடக்கிலுள்ள சிலர் இன்னும் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்குப் பக்கத்திலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசின் பாதுகாப்பில் இருந்த இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கும்பல் ஒன்று கொன்றது. 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றத்தில் எஞ்சியிருந்தவர்களும் விடுதலையானார்கள். பண்டாரவளையைத் தாண்டும்போது இதை நினைப்பவர்களிடம் மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இன்று வடக்கிலிருந்து குடும்பங்கள் இந்த வீதிகளில் வந்து போகின்றன. முதல் பயணத்தில் இங்குள்ள உறவினரையோ தெரிந்தவரையோ கூட்டிக்கொண்டால் மனம் இலேசாக இருக்கும்.

நீண்ட நடை விரும்புகிறவர்களுக்கு

கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல, தெமோதரைப் பக்கங்களைத் தொட்டு நுவரெலியாவில் முடியும் பெக்கோ ட்ரெய்ல் என்ற நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது, 22 கட்டங்கள் கொண்டது. இதில் பெரும்பகுதி தேயிலையைச் சுமந்து போகப் போட்ட பழைய தோட்டப் பாதைகள். 2023இல், மலையக மக்களின் 200 வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களுக்கு இந்தப் பாதைகள் அந்நியமாகத் தெரியாது. ஒரு நாளில் ஒரு கட்டத்தை மட்டும் நடந்து பாருங்கள்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

*காலம்:* ஊவாவில் வடகீழ்ப் பருவ மழைதான் பெருமழை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை அருவிகள் நிறைந்திருக்கும், மண்ணும் இளகியிருக்கும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றுக் காலம். நடக்க நல்லது, அருவிகள் மெலியும், மானாப்புல் தீப்பிடிக்கும். புல்மலையில் நெருப்பு மூட்டவோ பீடி எறியவோ கூடாது.

*மண்சரிவு:* தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுக்கும். எந்த நிறமாக இருந்தாலும் மலைப்பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரென்று கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் உடனே விலகுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. அம்புலன்ஸ் 1990. பொலிஸ் 119.

*குளவியும் அட்டையும்:* தேயிலைச் செடிக்குள்ளும் பெரிய மரங்களிலும் குளவிக்கூடு இருக்கும். தொழிலாளர்கள் குளவி கொட்டி இறந்திருக்கிறார்கள். வாசனைத் திரவியம் பூச வேண்டாம், கல் எறிய வேண்டாம், தொழிலாளர்கள் ஓடினால் அவர்கள் ஓடும் பக்கமே ஓடுங்கள். அட்டைக்குச் சவர்க்காரமோ தேசிக்காயோ காலில் தடவினால் போதும்.

*தண்ணீர்:* மேலேயுள்ள ஓடைகளிலிருந்துதான் லயத்துப் பீலிகளுக்குக் குழாய் போகிறது. அங்கே சவர்க்காரம் போட்டுக் குளிக்காதீர்கள். பீலிக்கரையில் பெண்கள் குளிக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

*வழிகாட்டி:* தோட்டத்து இளைஞர்களுக்குப் பாதை தெரியும், வேலை இல்லை. கூலியை முதலிலேயே பேசி, முழுதாகக் கொடுங்கள். உறவுக்காரர் என்பதற்காக இலவசமாகக் கேட்காதீர்கள்.

பட்டியல் முடிந்த பிறகு அந்த அக்காவிடம் போய், அடுத்த தீபாவளிக்கு எங்கே போகலாம் என்று கேட்டேன். லிப்டன் சீற்றுக்கு வெளிநாட்டுக்காரர்கள் போவதாகக் கேள்விப்பட்டிருக்கிறார், தான் பார்த்ததில்லை என்றார். ஹாலி-எலயிலிருந்து ஹப்புத்தளைக்குக் கோச்சி போகிறது. வவுனியாவிலிருந்து சித்தப்பா குடும்பமும் வருவதாகச் சொல்லியிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து போவதாக இருக்கிறோம்.